ஏட்டில் 32 மூட்டை, களத்தில் 19 மூட்டை
(எளாவூரில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஓர் உறுப்பினர் ஆற்றிய உரை)



நான் பேசப்போவது நெல் மகசூலைப் பற்றி. ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்தவங்க, "எங்களுக்கு இது எதுக்கு?" என்று நினைக்க வேண்டாம். ஏரியில் இறால் இருப்பது வேற, நம்ம வலையில் விழுவது வேற. நெல்லிலும் அதே கதைதான். அதோடு, வயல்காரி கடன் கட்டாவிட்டால் குழுவில் சுமை எல்லார் தலையிலும் விழுது.

என் தலையில் நடந்ததையே சொல்றேன். ஒரு வருஷம் சம்பாவுக்குக் குழுவில் கடன் கேட்டேன். "ஏக்கருக்கு எத்தனை மூட்டை வரும்?" என்று கேட்டாங்க. ரகத்துக்குப் போட்டிருந்த கணக்கைப் பார்த்து 32 என்று சொல்லிட்டேன். களத்தில் அளந்தது 19. மூணு தவணை தவறிப்போச்சு. குழு சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினாங்க. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனா எனக்குத் தூக்கம் வரலை. அந்த 13 மூட்டை எங்கே போச்சு? அன்றிலிருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன்.

அந்த 32 பொய் இல்லை. நம்ம மாவட்டத்துத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 2015-இல் வெளியிட்ட டி.கே.எம் 13 ரகத்துக்குச் சராசரி மகசூல் ஹெக்டேருக்கு 5,900 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஏக்கருக்குச் சுமார் 2,400 கிலோ. 75 கிலோ மூட்டையில் 32. ஆனால் அது நல்ல மண்ணில், நேரத்துக்குத் தண்ணீர் விட்டு, நேரத்துக்குக் களை எடுத்துப் பார்த்த கணக்கு.

மகசூலில் மூணு படி உண்டு. மேல் படி, வெயிலும் ரகமும் மட்டும் முடிவு செய்வது. எந்தக் குறையும் இல்லாவிட்டால் வரக்கூடியது. நடுப் படி, நல்ல விவசாயி நியாயமான செலவில் எடுக்கக்கூடியது. அது மேல் படியில் 80 சதவீதம் என்று விஞ்ஞானிகள் வைக்கிறாங்க. அதுக்கு மேல் போக நினைத்தால், கூடுதல் மூட்டையின் விலையைவிட உரச் செலவு ஏறிடும். கீழ்ப் படி, நம்ம களத்தில் நிஜமாக அளப்பது. ஆஸ்திரேலியாவில் கொளுத்தும் வெயிலும் வாய்க்கால் தண்ணீரும் சேர்ந்து ஹெக்டேருக்கு 9 டன்னுக்கு மேல் நெல் எடுக்கிறாங்க. இந்தியாவின் சராசரி சுமார் 4 டன். நம்ம ஆளுங்க சோம்பேறி என்பதால் இல்லை.

நம்ம பக்கம் பாருங்க. நவரையில் வெயில் இருக்கு, ஏரி குளத்தில் தண்ணீர் இல்லை. சம்பாவில் தண்ணீர் இருக்கு, ஐப்பசி கார்த்திகை மேகம் வெயிலை மறைக்குது. பூக்கிற நேரத்தில் மழை அடித்தால் பாதி பதராகுது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. இதெல்லாம் நம்ம கையில் இல்லை.

கையில் இருப்பதையும் நான் விட்டேன். களை பறிக்க ஆள் கிடைக்காமல் பத்து நாள் தள்ளினேன். மண்ணைச் சோதிக்காமலே ஜிப்சம் வாங்கிப் போட்டேன். பிறகுதான் தெரிந்தது: களர் மண்ணுக்குத்தான் ஜிப்சம். வெள்ளையாய் உப்புப் பூக்கும் உவர் மண்ணுக்கு நல்ல தண்ணீர் கட்டி வடித்துக் கழுவணும். பூமிக்குள்ளே இருப்பது எது என்று கண்ணால் தெரியாது, மண் ஆய்வுச் சீட்டுதான் சொல்லும்.

இன்னொன்று. செம்மை நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை ஒத்தை ஒத்தையாக நடச் சொல்றாங்க. நல்ல மண்ணுக்கு அது அருமையான முறை, விதையும் மிச்சம். ஆனா உப்பு மண்ணில் இளம் நாற்று கருகிப்போகும். அங்கே 25, 30 நாள் நாற்றைக் குத்துக்கு மூணு நாலாக நடணும். நான் என் உப்பு வயலில் இளம் நாற்றை நட்டு, பாதியைத் திரும்ப நட்டேன். ஊருக்கெல்லாம் ஒரே யோசனை பொருந்தாது அக்கா.

இப்போ நம்மால் முடிந்ததைச் சொல்றேன். முதலாவது, அறுப்புக்கு முன் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதுக்குள்ளே இருப்பதைத் தனியாக அறுத்து, அடித்து, காயவைத்து எடை போடுங்க. வந்த கிலோவை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. 9 கிலோ வந்தால் சுமார் 1,460 கிலோ, அதாவது 19 மூட்டை. வயலில் சுமாரான இடத்தில் கயிறு கட்டணும், செழிப்பான மூலையைத் தேடாதீங்க.

இரண்டாவது, பயிர்க் காப்பீட்டுக்கும் அதிகாரிங்க இதே மாதிரி அறுவடைச் சோதனைதான் செய்றாங்க. இழப்பீட்டுக் கணக்கில் அந்தச் சராசரியும் சேருது. சம்பாவுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். சோதனை நடக்கிற அன்று நம்ம பெண்கள் நாலு பேர் வயலில் நிற்கணும்.

மூன்றாவது, கடன் விண்ணப்பத்தில் ரகத்தின் கணக்கை எழுதக் கூடாது. கடந்த மூணு வருஷம் களத்தில் அளந்ததை எழுதணும். 19 என்று எழுதியிருந்தால் எனக்குக் கடன் குறைவாகத்தான் கிடைத்திருக்கும். ஆனால் தவணை தவறியிருக்காது.

நாற்று நடுவதும் களை எடுப்பதும் நாம்தான். மூட்டை எண்ணும்போது மட்டும் நம்மைத் தள்ளி நிற்கச் சொல்றாங்க. இனி எண்ணுவதும் எழுதுவதும் நாமாக இருப்போம். 19-ஐ ஒரே வருஷத்தில் 32 ஆக்க முடியாது. 22 ஆக்கலாம். அந்த மூணு மூட்டை நம்ம கையில் இருக்கு.