பழியும் பொறுப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



பழனி மலைத்தொடரில், கொடைக்கானல் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், சோலைக்காட்டை ஒட்டி அமைந்திருக்கிறது வட்டக்கானல் என்னும் சிற்றூர். இஸ்ரேலில் கட்டாய இராணுவப் பணியை முடித்த இளைஞர்கள் நெடும்பயணமாக இந்தியாவுக்கு வருவதும், அவர்களுள் பலர் இம்மலையில் வாரக்கணக்கில் தங்குவதும் பல ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம். கடைப் பலகைகளில் ஹீப்ரு எழுத்துகள் தோன்றின. ஊருக்குக் 'குட்டி இஸ்ரேல்' என்ற பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது.

2016 அக்டோபரில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துக் கனகமலையில் கூடியிருந்த இளைஞர்கள் சிலரைத் தேசியப் புலனாய்வு முகமை கைது செய்தது. வட்டக்கானலுக்கு வரும் யூதப் பயணிகளைத் தாக்கவும் அவர்கள் திட்டமிட்டிருந்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 2019 நவம்பரில் கொச்சியிலுள்ள சிறப்பு நீதிமன்றம் அவ்வழக்கில் ஆறு பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டது, ஒருவரை விடுவித்தது.

கடல் கடந்த ஒரு நிலத்தின் சச்சரவு இப்படித்தான் இம்மலையின் முகட்டுக்கு ஏறி வந்தது. அதனோடு ஒரு வினாவும் ஏறி வந்தது. ஓர் அரசு செய்தவற்றுக்கு, வட்டக்கானலில் தேநீர் அருந்திக்கொண்டிருக்கும் ஒருவர் எவ்வகையில் பொறுப்பாவார்? இதே வினா மறுமுனையிலும் உண்டு. ஓர் ஆயுதக் குழு செய்தவற்றுக்குக் காசாவின் ஒரு குழந்தை எவ்வகையில் பொறுப்பாகும்?

தமிழில் இதற்கு இரு சொற்கள் உள்ளன. ஒன்று பழி, மற்றது பொறுப்பு. 'பழி' என்னும் சொல்லின் பொருள் விரிவு அச்சமூட்டுவது. குற்றம் சாட்டுவதும் பழியே. வஞ்சம் தீர்ப்பதும் பழியே. பழி சுமத்தலுக்கும் பழி வாங்கலுக்கும் இடையே மொழி ஒரு மெல்லிய திரையைக்கூட இடவில்லை. 'பொறுப்பு' வேறு குலத்துச் சொல். அது 'பொறு' என்னும் வேரிலிருந்து வருவது. சுமத்தலையும் தாங்குதலையும் உணர்த்துவது. பழியைப் பிறர்மேல் எறியலாம். பொறுப்பை எறிய இயலாது. யாரேனும் ஒருவர் தம் தோளில் ஏற்றாக வேண்டும்.

இவ்விரண்டின் வேறுபாட்டைச் சிலப்பதிகாரத்தைவிடக் கூர்மையாகக் காட்டிய தமிழ் நூல் அரிது. ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியன், உண்மை வெளிப்பட்ட கணத்தில் குற்றத்தைக் காவலர்மீதோ பொற்கொல்லன்மீதோ தள்ளவில்லை. தானே ஏற்று உயிர் துறக்கிறான். அது பொறுப்பு. அதன்பின்னும் மதுரை எரிகிறது. அது பழி. அந்தணர், அறவோர், பசுக்கள், பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்கித் தீயோரை மட்டும் சேருமாறு கண்ணகி தீக்கடவுளுக்குக் கட்டளையிடுவதாக இளங்கோவடிகள் அமைத்தார். நீதியின் சினமும் எல்லை அறிய வேண்டும் என்ற கவலை அக்கட்டளையில் உள்ளது. எனினும் எந்தத் தீ வீட்டுக்கு வீடு நின்று பெயர் கேட்டு எரியும் என்னும் ஐயம் அக்காப்பியத்தைப் படிப்போரை இன்றும் விடுவதில்லை.

இஸ்ரேலியர், பாலஸ்தீனியர் பற்றிய விவாதம் எங்கு நிகழ்ந்தாலும், அது பெரும்பாலும் ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் விவாதமாகவே முடிகிறது. ஒருவர் 1947இல் தொடங்குவார்: ஐக்கிய நாடுகள் அவையின் பிரிவினைத் தீர்மானத்தை அரபுத் தரப்பு ஏற்கவில்லை என்பார். மற்றவர் 1948இல் தொடங்குவார்: ஏறத்தாழ ஏழு இலட்சம் பாலஸ்தீனியர் வீடும் ஊரும் இழந்ததைச் சொல்வார். இன்னொருவருக்கு வரலாறு 1967இல், மேற்குக் கரையும் காசாவும் கைப்பற்றப்பட்ட நாளில் தொடங்குகிறது. வேறொருவருக்கு அது 2023 அக்டோபர் 7 அன்று தொடங்குகிறது. அன்று ஹமாஸும் பிற குழுக்களும் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 250 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்த போரில், 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வருமுன்னரே, காசாவில் மாண்டோர் தொகை 67,000ஐக் கடந்தது என அங்குள்ள சுகாதார அமைச்சகம் கணக்கிட்டது.

இவற்றுள் எந்த ஆண்டும் பொய்யன்று. ஓர் ஆண்டைக் கொண்டு மற்றோர் ஆண்டை அழிக்க முயல்வதே பொய். பழியின் கணக்கில் ஒரு தரப்பின் குற்றம் மறு தரப்பின் குற்றத்தைக் கழித்துவிடுகிறது. பொறுப்பின் கணக்கில் கழித்தல் இல்லை. வீட்டுக்குள் புகுந்து குடும்பத்தைக் கொன்றவன், தன் ஊர் முற்றுகையிடப்பட்டிருந்தது என்று சொல்லி விடுபட இயலாது. குடியிருப்புகளைத் தரைமட்டமாக்கி உணவையும் மருந்தையும் தடுத்த அரசு, முதலில் தாக்கியவர் யார் என்று சொல்லி விடுபட இயலாது.

இதனால் இரு தரப்பும் சமம் என்று ஆகிவிடுவதில்லை. 'இருவர் மேலும் தவறு உண்டு' என்று சொல்லிக் கைகழுவுவதும் பொறுப்பிலிருந்து தப்பும் வழியே. பொறுப்பு வலிமையின் அளவுக்கு ஏற்ப ஏறுவது. நிலத்தையும் நீரையும் எல்லை வாயிலையும் தன் கையில் வைத்திருக்கும் அரசுக்கு, அவை மறுக்கப்பட்ட மக்களைவிடக் கடமை மிகுதி. அதே வேளையில், வலிமை குன்றியிருத்தல் கொலைக்கு உரிமம் ஆகாது. இவ்விரண்டு கூற்றுகளையும் ஒரே மூச்சில் சொல்வது கடினம். ஒன்றைச் சொன்னவுடன் ஓர் அணியினர் கைதட்டி, மற்றதைக் கேட்க மறுப்பர்.

நீதிமன்றங்கள் மெதுவாக நடப்பவை. பல வேளை எட்டாமலே போகிறவை. ஆயினும் அவற்றின் இலக்கணத்தில் ஒரு பாடம் உண்டு. 2024 நவம்பர் 21 அன்று, ஹேக் நகரிலுள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காலண்ட், ஹமாஸ் தளபதி முகம்மது டெய்ஃப் ஆகிய மூவருக்கும் பிடியாணை பிறப்பித்தது. டெய்ஃப் முன்னரே கொல்லப்பட்டிருந்தது பின்னர் உறுதியாயிற்று. பிடியாணை தீர்ப்பன்று. எனினும் அவ்வாணைகளில் இருந்தவை ஆட்களின் பெயர்கள். இனங்களின் பெயர்கள் அல்ல. கொச்சி நீதிமன்றமும் அவ்வாறே ஆள் ஆளாக ஆராய்ந்தது. அதனாலேயே ஒருவர் விடுவிக்கப்படவும் முடிந்தது. வட்டக்கானலுக்கு வந்த இளைஞருள் ஒருவர் இராணுவப் பணியில் தவறிழைத்திருந்தால், அவர் விடை சொல்ல வேண்டியது அச்செயலுக்காக. அவரது கடவுச்சீட்டுக்காக அன்று.

தமிழருக்கு இது அயலார் கதை அன்று. கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936இல் எழுப்பியவர், இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாரான லீலாவதி அம்மையார். 1915இல் இலங்கையில் சிங்களர் முஸ்லிம்களைத் தாக்கிய கலவரத்தைத் தொடர்ந்து, ஆங்கில அரசு இராணுவச் சட்டம் பிறப்பித்துச் சிங்களரைக் கடுமையாக ஒடுக்கியது. குற்றவாளிகளோடு குற்றமற்றோரும் தண்டனைக்கு உள்ளாயினர். அதனைச் சட்ட நிரூபண சபையில் எதிர்த்துப் பேசி, இலண்டன் வரை சென்று முறையிட்டவர் இராமநாதன். தம் இனம் அல்லாத ஒரு மக்கள்மீது பழி பொழிந்தபோது அவர் குறுக்கே நின்றார். அவ்வுரைகளில் தங்கள் துயருக்கு உரிய இடம் இல்லை என்னும் மனக்குறை முஸ்லிம்களிடம் தங்கியது. நியாயம் பேசுவோரின் பார்வைக்கும் மறைவிடம் உண்டு என்பதற்கு அது சான்று.

1983 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் 13 படைவீரர் கொல்லப்பட்டதற்கு, அதனோடு தொடர்பே இல்லாத தமிழர் கொழும்பில் எரிக்கப்பட்டனர். அந்த நெருப்பைத் தமிழ்க் கவிதை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அதற்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்களும் தமிழ் பேசியவர்களே. சுமத்தப்பட்ட பழியை அறிந்த ஒரு மக்களின் பெயராலேயே பழி சுமத்தப்பட்டது. முதலாவதைப் பாடி, இரண்டாவதில் மௌனம் காக்கும் கவிதை பழியின் பக்கமே நிற்கிறது.

அந்நிலத்துப் படைப்பாளிகள் இருவர் இங்கு நினைவுகூரத் தக்கவர்கள். 1948 போரில் பங்கேற்ற இஸ்ரேலிய எழுத்தாளர் எஸ். யிஸ்ஹார், அரபுக் கிராமம் ஒன்றைத் தம் படையினரே காலி செய்ததை 1949இல் ஒரு குறுநாவலாக எழுதினார். அது பின்னாளில் இஸ்ரேலியப் பள்ளிப் பாடத்திலும் இடம்பெற்றது. பிறந்த ஊரான அல்-பிர்வாவை 1948இல் இழந்த பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ், 1967 போருக்குப் பின், ஓர் இஸ்ரேலியப் படைவீரனோடு நிகழ்ந்த உரையாடலைக் கவிதையாக்கினார். தம்மவரின் கண்டனத்துக்கும் ஆளானார். ஒருவர் தம் தரப்பின் செயலைத் தோளில் ஏற்றார். மற்றவர் எதிர்த்தரப்பிலும் ஒரு மனிதனைக் கண்டார். தம் மக்களின் உரிமையில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்கவில்லை.

தமிழ்க் கவிஞர்முன் உள்ள பணியும் இதுவே. பாலஸ்தீனத்துக்காக எழுதப்படும் கவிதை வேண்டும். கொல்லப்பட்ட இஸ்ரேலியருக்காக இரங்கும் கவிதையும் வேண்டும். ஆனால் ஒரு கவிதை 'அவர்கள்' என்று தொடங்கும் போதெல்லாம், அச்சொல்லுக்குள் எத்தனை பேர் அடைக்கப்பட்டிருக்கின்றனர், அவர்களுள் எத்தனை பேர் அச்செயலைச் செய்தவர் என்று எண்ணிப் பார்ப்பது கவிஞரின் கடமை. எண்ண முடியாதபோது அச்சொல்லை அடித்துவிட்டு, செய்தவரின் பெயரை எழுதுவது நல்லது.