ஊசி போட்டு முடிந்த பிறகு



1998 ஜூலை மாதம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில், கேரன் டேலி என்ற செவிலியர் ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உள்ளவர். கையுறையும் போட்டிருந்தார். எடுத்து முடித்து, ஊசியைச் சுவரில் இருந்த கழிவுப் பெட்டியில் போடும்போது விரலில் சுருக்கென்று குத்தியது. சில மாதங்களில், ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி என இரண்டு கிருமிகளும் தொற்றியிருப்பது தெரிந்தது.

டேலி அதை மறைக்கவில்லை. நாடாளுமன்றக் குழுவின் முன் போய்ச் சொன்னார். 2000 நவம்பரில் ஊசிக்குத்துக் காயங்களைத் தடுக்கும் சட்டம் அங்கே வந்தது. முனை மூடிக்கொள்ளும் பாதுகாப்பான ஊசிகளை வாங்கும்போது, அவற்றைக் கையாளும் ஊழியர்களைக் கேட்டே வாங்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். மிக நியாயமான ஏற்பாடு.

ஊசி போடும் நேரத்தில் எல்லோருக்கும் கவனம் இருக்கிறது. போட்டு முடித்த பிறகுதான் அது தளர்கிறது. இடக்கையில் மூடி, வலக்கையில் சிரிஞ்ச். மூடியின் வாய் சிறியது, முனை சற்றே விலகினால் ஆள்காட்டி விரலில் ஏறிவிடும். அதனால்தான் பயன்படுத்திய ஊசியைத் திரும்ப மூடவே கூடாது என்கிறார்கள். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி, ஊசிகள் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். தவறிப்போய்க் குப்பைப் பையில் விழுந்த ஊசி, அந்தப் பையைத் தூக்கும் தூய்மைப் பணியாளரைக் குத்துகிறது. அது யாருக்குப் போட்ட ஊசி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஹெச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், ஆயிரத்தில் சுமார் மூன்று பேருக்குத் தொற்றலாம். ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு வரைகூடத் தொற்றும். உலர்ந்த ரத்தத்திலும் அந்தக் கிருமி ஏழு நாள் தாக்குப்பிடிக்கும். இத்தனைக்கும் மூன்று தவணைத் தடுப்பூசி அதைத் தடுத்துவிடும். மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் அதைப் போடுவது நிர்வாகத்தின் கடமை. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான்.

குத்திவிட்டால்? விரலைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, பிளீச்சிங் கரைசலும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ரத்தம் கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணீரால் அலச வேண்டும். பிறகு உடனே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். தேவையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது; 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். திட்டு விழுமோ, வேலை போய்விடுமோ என்று பயந்து வாய்திறக்காமல் இருப்பவர்களுக்கு இந்த நேரம் கைநழுவிப் போகிறது. சொன்னவரைக் கடிந்துகொள்ளும் மேற்பார்வையாளர், அடுத்தவரின் வாயையும் சேர்த்தே அடைக்கிறார்.

வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் நேயர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அந்த ஊசியைக் காய்கறித் தோலோடு வீசாமல், கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். முக்கால் பாகம் நிறைந்ததும் இறுக மூடி, ‘ஊசி’ என்று எழுதி ஒட்டி, குப்பை வாங்க வருபவரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.