கேளாச் செவியும் ஆக்கிய இசையும்

ஓவியனுக்குக் கண் எவ்வாறோ அவ்வாறே இசைவாணனுக்குச் செவி. கண்ணிழந்தார் ஒருவர் ஓவியந் தீட்டினார் எனக் கூறின் நம்புவார் அரியர். ஆயின், காது முற்றும் கேளாத ஒருவர் உலகம் இன்றும் போற்றும் இசையை ஆக்கினார் என்பது வரலாறு. இஃது எங்ஙனம் இயன்றது?

ஜேர்மனியிலுள்ள பொன் நகரிலே 1770ஆம் ஆண்டிற் பிறந்த லுட்விக் வான் பீதோவன், 1792இல் வியன்னா நகரை அடைந்தார். அங்கு அவருக்கு முதலிற் புகழ் தந்தது பியானோ வாசிப்பே. முப்பது வயது நிரம்புமுன்னரே காதுக்குள் ஓயாத இரைச்சல் தொடங்கிற்று. உயர்ந்த சுரங்கள் மறையலாயின. நாடக அரங்கில் வாத்தியக் குழுவினருக்கு மிக அண்மையில் இருந்தாலன்றி நடிகர் பேச்சு விளங்குவதில்லை என்று, 1801இல் வைத்திய நண்பர் ஒருவருக்கு எழுதினார். குறை வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சி மக்கள் கூட்டத்தையும் தவிர்த்தார். மறு ஆண்டு ஒக்டோபரில் தம்பியர் இருவருக்கும் ஒரு மடல் வரைந்தார். உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்ததையும், கலையொன்றே தம்மைத் தடுத்து நிறுத்தியதையும் அதிற் கூறினார். அம்மடல் அனுப்பப்படவில்லை. 1827இல் அவர் மறைந்த பின்னரே அவருடைய கடதாசிகளிடையே அகப்பட்டது.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். செவிடு அவரிடமிருந்து கவர்ந்தது வாசிக்கும் ஆற்றலையே, ஆக்கும் ஆற்றலையன்று. 1814இல் அவர் வாசிப்பை ஒத்திகையிற் கேட்ட வயலின் வித்துவான் ஸ்போர் என்பவர், உரத்து ஒலிக்கவேண்டிய இடங்களில் நரம்புகள் அதிர அடித்தார் என்றும், மென்மையான இடங்களில் சுரங்கள் ஒலிக்காமலே போகுமளவுக்கு மெல்லத் தொட்டார் என்றும் குறித்துள்ளார். வாசிப்போனுக்குத் தன் ஒலி உடனுக்குடன் காதில் விழவேண்டும். விழாதபோது கை அளவை இழக்கிறது.

ஆக்குவோன் நிலை வேறு. தேவாரத்தைப் பண்ணோடு பயின்றவர் ஏட்டை வாய்திறவாது நோக்கும்போதும் பண் உள்ளத்திலே ஒலிக்கின்றதன்றோ? பீதோவன் இளமைதொட்டுக் கடும் பயிற்சி பெற்றவர். எந்த வாத்தியம் எந்தச் சுரத்தில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை நன்கறிந்தவர். நடந்து செல்லும்போதே குறிப்பேட்டில் எழுதுவதும், பின்னர் அடித்துத் திருத்துவதும் அவர் வழக்கம். பல வாத்தியங்களின் இசையைச் சுரக்குறிகளாக எழுதும் ஐரோப்பிய முறையும் அதற்குத் துணைசெய்தது. செவிடானமையாலேயே அவர் இசை சிறந்தது என்பாரும் உளர். அவ்வாறு கூறுவோர் அவருடைய கடிதங்களைப் படித்திரார். கேட்பதற்காக அவர் செய்வித்த ஊதுகுழல் போன்ற கருவிகள் எத்தனை! அவையும் பயன்படாதொழிய, 1818 முதல் வந்தோர் தம் பேச்சை ஏட்டில் எழுதிக் காட்டினர். அவரோ பெரும்பாலும் வாயாலேயே விடையிறுத்தார். ஆதலின் அவ்வேடுகளிற் பிறர் வினாக்களே மிகுதி.

1824 மே 7ஆந் திகதி, வியன்னாவில் ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறிற்று. பீதோவன் மேடையில் நின்று கையசைத்தார். உண்மையிற் குழுவை நடத்தியவர் உம்லவுப் என்பவர். பீதோவனின் கையைப் பாராது தம்மையே பார்க்குமாறு அவர் முன்னரே பணித்திருந்தார். அவையோர் ஆரவாரித்தபோது அவர் அறியாது நிற்க, பாடகி கரோலின் உங்கர் அவரை அவைப்பக்கம் திருப்பிக் காட்டினார்.

பொகீமிய நாட்டு ஸ்மெத்தானா 1874 ஒக்டோபரில், ஐம்பதாவது வயதில், முற்றுஞ் செவிடரானார். நாடக அரங்கில் வாத்தியக் குழுவை நடத்தும் பதவியை விடநேர்ந்தது. ஆயினும் அவ்வாண்டு டிசெம்பரிலேயே வல்டாவா ஆற்றைப் பற்றிய புகழ்பெற்ற இசையை முடித்தார். 1876இல் நான்கு வாத்தியங்களுக்கு எழுதிய தம் வாழ்க்கை இசையின் இறுதிப் பகுதியில், களிப்போடு ஓடும் இசை சட்டென நிற்க, முதல் வயலின் மிக உயர்ந்த ஒரே சுரத்தை நீட்டி ஒலிக்கின்றது. அது தம் காதில் ஒலித்த கொடிய இரைச்சலென அவரே விளக்கியுள்ளார்.

இவர்களுக்கு மூடியிருந்த வாசிப்புக் கதவு பின்னர் ஒருவருக்குத் திறந்தது. ஸ்கொத்லாந்திலே 1965இற் பிறந்த எவலின் கிளெனி பன்னிரண்டு வயதளவில் கேள்வியைப் பெரிதும் இழந்தார். அவர் விரும்பியதோ பறை முதலிய தாளக் கருவிகள். மாணவி செவிடென்று ஆசிரியர் விலக்கிவிடவில்லை. சுவரிலே கைகளை வைக்கச்செய்து, தாம் பேரிகையை அடித்து, அதிர்வு எங்கே தோன்றுகிறது என்று வினவினார். தாழ்ந்த ஒலிகளைக் காலிலும், உயர்ந்த ஒலிகளை முகத்திலும் கழுத்திலும் உணரச் சிறுமி மெல்ல மெல்லக் கற்றார். 2012இல் இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் முரசு முழக்கிய கலைஞர்களுள் அவரும் ஒருவர். தரையின் அதிர்வைத் தவறவிடாதிருக்க, மேடைகளில் அவர் பெரும்பாலும் பாதணியின்றியே நின்று வாசிக்கின்றார்.