நாற்காலியில் அமர்ந்தவர்கள்



நகராட்சி என்றதும் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது என்ன? குழாய்த் தண்ணீர், குப்பை வண்டி, தெருவிளக்கு, வரி கட்டச் சொல்லி வரும் சீட்டு! கத்தியா தோன்றும்? கல்லறையா தோன்றும்? தோன்றாது. அதனாலேயே உங்களை ஒரு நகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துச் செல்ல விழைகிறேன்.

போலந்து நாட்டின் லோட்ஸ் நகரம். நெசவாலைகள் நிறைந்த நகரம். போலந்தியர், யூதர், ஜெர்மானியர் எனப் பலரும் தறியோசைக்கிடையே வாழ்ந்த நகரம். ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். மூவரில் ஒருவர் யூதர்.

1939 செப்டம்பரில் இட்லரின் படை நுழைந்தது. நவம்பரில் நகரம் ஜெர்மனியோடே இணைக்கப்பட்டது. 1940 ஏப்ரலில் பெயரும் பறிபோயிற்று! முதல் உலகப் போரில் அப்பகுதியில் போரிட்ட லிட்ஸ்மன் என்ற தளபதியின் பெயரால் அது 'லிட்ஸ்மன்ஸ்டாட்' ஆயிற்று. தலையாய வீதிக்கோ இட்லரின் பெயர்! பெயர்ப்பலகை மாறினால் போதுமா? நாற்காலி மாற வேண்டாமா? மாறியது. போலந்து அலுவலர்கள் வெளியேற்றப்பட்டனர். ஜெர்மனியிலிருந்து அதிகாரிகள் வந்திறங்கினர். உள்ளூர் ஜெர்மானியரும் மேசைகளுக்குப் பின்னே அமர்ந்தனர்.

வார்சாவில் வேறு வழி கையாண்டனர். மேயர் ஸ்டார்ஜின்ஸ்கியை 1939 அக்டோபரில் சிறைபிடித்தனர். அவர் உயிருடன் மீளவில்லை. அவருக்குத் துணைவராயிருந்த குல்ஸ்கி அந்தப் பொறுப்பில் வைக்கப்பட்டார். மேலே ஆணையிட லைஸ்ட் என்ற ஜெர்மானியர். கீழே வேலை பார்த்தவர்களோ பெரும்பாலும் மண்ணின் மைந்தர்கள். பகைவனின் உத்தரவுக்குக் கையொப்பமிட்ட குல்ஸ்கி, மறைவாக விடுதலை இயக்கத்தோடும் தொடர்பு வைத்திருந்தார். செய்தது சரியா, பிழையா? வாதிடலாம். நான் பழிக்கத் துணியேன். லோட்சில் அந்த வாதத்துக்கே இடம் வைக்கவில்லை, வந்தவர்கள்!

1940 ஏப்ரல் 30. யூதர் குடியிருப்பு வேலியிட்டு மூடப்பட்டது. உள்ளே சுமார் 1,60,000 பேர். அவர்களை ஆள அமைந்தது எது? பட்டாளமா? அல்ல தோழர்களே, நகராட்சியின் ஓர் அலுவலகம்! அதன் தலைவர் பீபோவ், பிரெமன் நகரத்துக் காப்பிக்கொட்டை வணிகர். சிறிதாகத் தொடங்கிய அலுவலகம், பின்னர் இருநூறு ஊழியரைத் தாண்டியது.

நான் நாடகக்காரன். வில்லன் வேடம் என்றால் மீசையை முறுக்கி ஒட்டுவோம், விளக்கைச் சிவப்பாக்குவோம். இந்தக் காட்சிக்கு என்ன ஒப்பனை செய்வது? கையிலே பேனா, முன்னே பேரேடு. உள்ளே தைக்கும் சீருடைக்கு வரவு. உள்ளே போகும் உணவுக்குப் பற்று. உணவைக் குறைத்தால் கணக்கு நேராகும்! நேராயிற்று. பசியிலும் நோயிலும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்த வேலிக்குள்ளேயே மாண்டனர்.

1941இல் மேயராக வந்தவர் வென்ட்ஸ்கி, சட்டம் படித்தவர். (கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான், படிப்பைப் பழிப்பதாக எண்ணாதீர்!) 1942 ஜனவரி முதல், லோட்சின் யூதர்கள் செல்ம்னோவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அடைத்த வண்டிகளில் நச்சுப்புகையால் கொல்லப்பட்டனர். உடைகள் திரும்பி வந்தன. பாபியானிட்ஸ் அருகே கிடங்கு. அதை நடத்தியதும் அதே அலுவலகந்தான். உடையைப் பிரித்து அடுக்கி, எண்ணி எழுதினார்களே, எவர் உடை என்று அறியாமலா எழுதினார்கள்?

அதே ஆண்டு செப்டம்பர். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், அறுபத்தைந்து கடந்த முதியோர், நோயாளிகள் ஆகியோரை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஏன்? அவர்கள் தைக்க மாட்டார்கள், உண்பார்கள்! பதினையாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்களிலே கொண்டு செல்லப்பட்டனர். தாயின் கையிலிருந்து பிடுங்கப்பட்ட குழந்தைக்கும் பேரேட்டிலே ஒரு கோடு, அவ்வளவே.

1943இல் ரகசியப் போலீஸ் தலைவர் பிராட்பிஷ், மேயர் நாற்காலியிலும் அமர்ந்தார். 1944 ஆகஸ்டில் எஞ்சியோர் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர்.

பீபோவ் 1947இல் அதே லோட்சில் தூக்கிலேறினார். பிராட்பிஷை 1961லும் 1963லும் மேற்கு ஜெர்மன் நீதிமன்றங்கள் தண்டித்தன. வென்ட்ஸ்கி? போருக்குப் பின் பான் நகரில் அவருக்கு அரசுப் பணி கிடைத்தது. எந்தத் துறை என்கிறீர்களா? ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோரின் நலம் காக்கும் அமைச்சகம்! 2004இல், தொண்ணூற்றைக் கடந்த முதுமையில், அவர் இறந்தார்.