எவ்வளவு மயக்கம்?



வாசலூர்பட்டியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, இதயப் படபடப்புக்கு அப்லேஷன் செய்துகொள்ளப் போகிறவர் முதலில் கேட்பது: "முழுசா மயக்கம் குடுத்துடுவீங்கதானே?"

எல்லாருக்கும் இல்லை. திடீரென்று வந்து திடீரென்று நிற்கிற எஸ்.வி.டி. படபடப்பை மேசையிலேயே வரவழைத்தால்தான், சுட வேண்டிய இடம் பிடிபடும். ஆழ்ந்து தூங்க வைத்தால் சில சமயம் அது வரவே வராது! தொடை இடுக்கில் மரத்துப்போகிற ஊசியும் லேசான தூக்க மருந்தும் போதும். டெக்ஸ்மெடிடோமிடின் நல்ல அமைதி தரும். ஆனால் இதயத்தின் மின் கணுக்களை மந்தமாக்கும், இங்கே நான் தயங்குவேன். புரோபோஃபால் அவற்றை அதிகம் தொடாது, மூச்சைத்தான் அமுக்கும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வேறு கதை. மணிக்கணக்கில் அசையாமக் கிடக்கணும், மூச்சும் சீரா இருக்கணும். அங்கே முழு மயக்கம் பல இடங்களில் வழக்கம். உதரவிதான நரம்பைச் சோதிக்கும் நேரத்தில் மட்டும் தசை தளர்த்தும் மருந்து வேலை செய்துகொண்டிருக்கக் கூடாது. நரம்பு அடிபட்டாலும் தெரியாமல் போய்விடும்.