போர்த்திய சால்வையும் அறுத்த சால்வையும்



'கருத்தில் மாறுபடும் தலைவரிடம் கிறிஸ்தவன் காட்ட வேண்டியது மரியாதையா, எதிர்ப்பா?' என்பது தலைப்பு. 'மரியாதையே' என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு குண்டு போட்டார். "ஏரோதை இயேசுவே நரி என்று சொல்லவில்லையா?" சொன்னார் ஐயா, சொன்னார்! எப்படிச் சொன்னார்? அதை அவனிடமே போய்ச் சொல்லும்படி சொல்லி அனுப்பினார். அவன் தன்னைக் கொல்லப் பார்க்கிறான் என்று கேள்விப்பட்ட பிறகு சொன்னார். நாம எங்கே சொல்றோம்? டீக்கடை பெஞ்சுல. அதுவும் ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துட்டு! (சிரிப்பு) இயேசு சொன்னது அவனுடைய தந்திரத்தை. அவன் பிறப்பையோ உடம்பையோ அல்ல.

மரியாதை என்றால் என்ன? நம்ம ஊரில் தலைவருக்குச் சால்வை போர்த்துவதுதான் மரியாதை. வேதாகமத்தில் ஒருவன் சால்வையை அறுத்தே மரியாதை காட்டினான். அவன் பெயர் தாவீது.

சவுல் ராஜா 3,000 பேரோடு தாவீதைக் கொல்லத் துரத்துகிறார். அவர் ராஜா மட்டுமல்ல, மாமனாரும்கூட! மாமனார் ஈட்டியோட துரத்துற மருமகன் யாராவது இங்க இருந்தா கையைத் தூக்குங்க! (சிரிப்பு) என்கேதி வனாந்தரத்தில் ஒரு குகை. அதற்குள்ளே தாவீதும் அவன் ஆட்களும் ஒளிந்திருக்கிறார்கள். அதே குகைக்குள் சவுல் இயற்கை உபாதைக்காகத் தனியாக வருகிறார். கூட இருந்தவர்கள், இதுதான் சமயம் என்கிறார்கள். தாவீது சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்தான். அதற்கே அவன் மனசு அடித்துக்கொண்டது.

அப்புறம் வாயை மூடிக்கொண்டு இருந்தானா? இல்லை! வெளியே வந்து, ராஜாவே என்று கூப்பிட்டு, முகம் தரையில் படக் குனிந்து வணங்கினான். வணங்கிவிட்டு, குற்றமில்லாத என்னை ஏன் வேட்டையாடுகிறீர் என்று ஊரறியக் கேட்டான். இதுதான் எங்கள் கட்சி. மரியாதை என்பது மௌனம் அல்ல.

சவுல் அழுதார். ஆனால் திருந்தவில்லை. மறுபடியும் துரத்தினார். "அப்ப மரியாதையால என்ன லாபம்?" என்று கேட்பீர்கள். அது சவுலைத் திருத்தவில்லை ஐயா. தாவீது இன்னொரு சவுலாக ஆகிவிடாமல் காப்பாற்றியது! (கைதட்டல்)

மரியாதை கோழைத்தனமாம்! 2ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள சிமிர்னா நகரத்தின் ஆயர் பொலிகார்ப். பேரரசன் பெயரால் சத்தியம் செய்து கிறிஸ்துவைப் பழித்தால் விடுதலை என்கிறான் ஆளுநர். 86 ஆண்டு தொண்டு செய்தவர் மறுத்துவிட்டார். ஆனால், ஆட்சியாளர்களுக்கு உரிய மதிப்பைத் தரக் கற்றிருக்கிறோம் என்று அதே ஆளுநரிடம் சொன்னார். உயிரே போனது. அவர் கோழையா?

சரி, கோபத்தில் வாய் தவறிவிட்டால்? பவுலுக்கே தவறியது. எருசலேமில் ஆலோசனைச் சங்கத்துக்கு முன் நிறுத்தினார்கள். பிரதான ஆசாரியன் அனனியா, வாயில் அடிக்கச் சொன்னான். வெள்ளையடித்த சுவரே என்று சீறினார் பவுல். அவன் யார் என்று தெரிந்ததும் இறங்கி வந்தார். ஆள்பவனைப் பழிக்கக் கூடாது என்ற வேதச் சட்டத்தைத் தாமே எடுத்துச் சொன்னார்.

பவுலுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. பல வருஷத்துக்கு முன்னால், ஒரு தேர்தல் சமயம். மேடையில் ஒரு தலைவருடைய கொள்கையைத்தான் பேச ஆரம்பித்தேன். கைதட்டல் குறைந்தது. அவருக்குக் கால் கொஞ்சம் இழுக்கும். அதை நடந்தே காட்டினேன். பந்தல் அதிர்ந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா முகம் கொடுக்கவில்லை. கடைசியில் சொன்னார்: "கொள்கை நொண்டுதுன்னு சொல்லு, கேட்டுக்கிறேன். கால் நொண்டுதுன்னு சொல்ல உனக்கு என்னடா உரிமை?" சொல்லிவிட்டு முழங்கால் போட்டு, அந்தத் தலைவர் பெயரைச் சொல்லியே ஜெபித்தார்.

"ஏம்மா, அவருக்கு நீ ஓட்டே போட்டதில்லையே?"

"ஓட்டு என் இஷ்டம்டா. ஆளுகிறவங்களுக்காக ஜெபம் பண்றது என் கடமை."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் அவருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அந்தத் தேர்தலில் அவருக்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டேன். கடிதமும் சரி, ஓட்டும் சரி! இரண்டுக்கும் நடுவே முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. (கைதட்டல்)

நம் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு முதலமைச்சரை, ஒரு பிரதமரை நாம் எப்படித் திட்டுகிறோமோ, அதே மொழியில்தான் நாளைக்கு ஆசிரியரிடமும் பேசுவார்கள், அப்பாவிடமும் பேசுவார்கள்.

எனவே நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். எதிராகத் தந்தாலும் உங்களை மதிப்பேன். மதிக்கலைன்னா நான் இவ்வளவு நேரம் பேசினதே வீணாப் போயிடும்! (சிரிப்பு)