சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

லண்டனில் பி.பி.சி.யின் தலைமையகமான பிராட்காஸ்டிங் ஹவுஸ் 1932-இல் திறக்கப்பட்டது. அதன் முகப்புக் கூடத்தில் எரிக் கில் என்ற சிற்பி செதுக்கிய ஒரு கற்சிலை இருக்கிறது. வானொலி நிலையத்துச் சிலை என்றால் கையில் மைக்காவது இருக்கும் என்று நினைப்போம். அங்கே நிற்பவர் ஓர் உழவர். விதை தூவுகிறார்.

காரணம், 'பிராட்காஸ்ட்' என்ற சொல் பிறந்ததே வயலில்தான். 'பிராட்' என்றால் அகலமாக, 'காஸ்ட்' என்றால் வீசு. விதையைக் கைநிறைய அள்ளி, நடந்துகொண்டே இருபக்கமும் வீசி விதைப்பதற்கு ஆங்கில உழவர்கள் வைத்திருந்த பெயர் அது. கைவிதைப்பை வேளாண்மைப் பாடநூல்கள் இன்றும் அப்படித்தான் சொல்கின்றன. 1920-களில் வானொலி பரவியபோது, யார் காதில் போய் விழும் என்று தெரியாமல் குரலை வீசுகிற இந்த வேலைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. உழவர் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். இந்த நிமிடம் வானொலியில் நான் செய்துகொண்டிருப்பதும் விதைப்புதான். பாறையில் விழுகிறதா, சேற்றில் விழுகிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தங்கள் கதையைத் தங்கள் எழுத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலம் பேசியே வளர்ந்தவர்களுக்கு அவை அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. அவர்கள் அந்தச் சொற்களை முதலில் காதால் கேட்டவர்கள். நம்மில் பலர் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள். 'கப்போர்டு' என்று நாம் சொன்னால், அது தப்பு, 'கபர்ட்' என்று சொல்ல வேண்டும் என்று திருத்துவார்கள். உச்சரிப்பில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் சொல்லின் எலும்பு நம் வாயில்தான் இருக்கிறது. கப் வைக்கும் போர்டு, அவ்வளவுதான். கோப்பைகளையும் தட்டுகளையும் பார்வைக்கு அடுக்கிவைக்கிற மேசைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். கதவு போட்ட அலமாரிக்கு அது பிற்பாடு வந்து சேர்ந்தது.

இந்த 'போர்டு' கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். மூலப்பொருள் பலகை. பலகையைக் கால்மேல் வைத்தால் மேசை. மேசையில் வைப்பது சாப்பாடு. நம் ஊர் விடுதி வாசல்களில் 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்று எழுதியிருப்பார்களே, அந்தப் போர்டிங் சாப்பாட்டைக் குறிக்கிறது. 'மாடியில் அறை உண்டு, கீழே சாப்பாடு உண்டு' என்று அர்த்தம். அதே மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்கிறவர்களுக்கும் போர்டு என்றே பெயர் வந்தது. கம்பெனிகளின் போர்டு மீட்டிங், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் படுத்துகிற போர்டு எக்ஸாம், கரண்டு போனால் நாம் போன் போடுகிற இ.பி., எல்லாவற்றிலும் இருப்பது அந்த ஒரு பலகை.

சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. 'பிரேக்ஃபாஸ்ட்' என்றால் உண்ணாநோன்பை முறிப்பது. ஏகாதசி விரதம் இருப்பவர்கள் துவாதசி காலையில் செய்கிற பாரணைதான். இரவு முழுக்கப் பட்டினி, காலையில் அதை முடிக்கிறோம். இது பலருக்கும் தெரிந்திருக்கும். தெரியாதது, 'டின்னர்' என்ற சொல்லுக்கும் இதே பொருள் என்பது. அது லத்தீனில் கிளம்பிப் பிரெஞ்சு வழியாக வந்தது. அங்கே அதன் மூலப்பொருளும் நோன்பை முறிப்பதுதான். ஆக, ஆங்கிலேயர் காலையில் ஒருமுறை விரதம் முடித்து, இரவில் மறுபடியும் முடிக்கிறார்கள். நடுவில் எப்போது விரதம் இருந்தார்கள் என்று கேட்கக் கூடாது.

'லார்டு', 'லேடி' இரண்டும் பெரிய இடத்துச் சொற்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் லார்டு என்பது 'ரொட்டி' என்ற சொல்லும் 'காவலர்' என்ற சொல்லும் சேர்ந்த கூட்டுச்சொல். வீட்டின் ரொட்டி அவர் பொறுப்பில் இருக்கும். வேலையாட்கள் அவர் கொடுப்பதைச் சாப்பிடுவார்கள். லேடி என்பவள் ரொட்டி மாவு பிசைபவள். நம் கிராமங்களில் நெல் கூலி கொடுக்கிற பண்ணையாரைப் 'படியளக்கிற மகராசன்' என்றார்களே, அதே கணக்கு. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் மேலவைக்கு ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் என்று பெயர். ரொட்டிக் காவலர் மன்றம்!

சில சொற்கள் பழைய பிழையையும் சுமந்துகொண்டிருக்கும். 'மலேரியா' இத்தாலியச் சொல். 'மாலா' கெட்ட, 'ஆரியா' காற்று. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றுதான் அந்தக் காய்ச்சலைத் தருகிறது என்று நம்பியிருந்த காலத்தில் வைத்த பெயர். 1880-இல் லாவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் ரத்தத்தில் அந்தக் காய்ச்சலின் கிருமியைக் கண்டார். 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அதை ஒரு கொசுவின் வயிற்றில் கண்டார். காற்றின்மேல் குற்றம் இல்லை என்று அத்தோடு தெளிவாகிவிட்டது. அதற்குப் பிறகும் பெயரை யாரும் மாற்றவில்லை. சுகாதாரத் துறை கொசு மருந்து அடித்துக்கொண்டே 'கெட்ட காற்று ஒழிப்பு' நடத்துகிறது.

சொல்லைப் பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பிரிக்கத் தெரிந்த கை எதைப் பார்த்தாலும் பிரிக்கப் பார்க்கும். 'நியூஸ்' என்ற சொல் நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்ற நான்கு திசைகளின் முதலெழுத்து என்று பள்ளியில் கேட்டிருப்பீர்கள். வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். அது கட்டுக்கதை. 'நியூ' என்றால் புதியது, 'நியூஸ்' என்றால் புதியவை. வேறு ரகசியம் எதுவும் இல்லை. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்கிற வழக்கமே பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் பரவியது. நியூஸ் அதற்குப் பல நூறு ஆண்டு மூத்தது.

இன்னொரு பொறி 'ரைவல்'. போட்டியாளர் என்ற பொருள் தருகிற இந்தச் சொல் லத்தீனில் ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிற இருவரைக் குறித்தது. முறை வைத்து மடை திறக்கும் ஊர்க்காரர்களுக்கும், காவிரி வழக்கைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கும் இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஆனால் உடனே, 'அப்படியானால் ரிவரும் இதன் தங்கைதானே' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரிவர் வேறு லத்தீன் வேரிலிருந்து, கரை என்ற சொல்லிலிருந்து வந்தது. முகஜாடையை மட்டும் பார்த்து உறவு சொல்ல முடியாது.

ஆங்கிலேயருக்குத் தெரியாமல் போய், நமக்கு மட்டும் பளிச்சென்று தெரிகிற சொல் 'கேட்டமரான்'. இரண்டு உடல்கள் சேர்ந்த பாய்மரப் படகை இன்று உலகமே அப்படித்தான் அழைக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதிய வில்லியம் டாம்பியர் என்ற மாலுமி இந்தப் பெயரைத் தன் பயண நூலில் குறித்தார். நம் மீனவர்கள் மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் இறக்கிய கட்டுமரம்தான் அது. இன்றைய கேட்டமரானில் கட்டும் இல்லை, பெரும்பாலும் மரமும் இல்லை. பின்னர் மூன்று உடல் படகு செய்தவர்கள், பழைய சொல்லின் பின்பாதியை மட்டும் வெட்டியெடுத்து 'ட்ரைமரான்' என்று பெயர் வைத்தார்கள். தமிழ் தெரியாமலே சரியான இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். அவர்கள் வைத்த பெயருக்கு 'மூன்று மரம்' என்று பொருள் வந்துவிட்டது.

வீட்டில் பழைய ஆங்கில அகராதி ஒன்று இருந்தால் எடுத்துப் புரட்டுங்கள். நல்ல அகராதியாக இருந்தால், பொருளெல்லாம் முடிந்தபின் சின்ன எழுத்தில் சொல்லின் பிறப்பைச் சொல்கிற வரி ஒன்று இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. இன்று படியுங்கள். 'செக்ரட்டரி'யில் ஆரம்பியுங்கள், பிறகு 'கேண்டிடேட்', பிறகு 'கர்ஃபியூ'. 'மார்ட்கேஜ்' என்ற சொல்லையும் பாருங்கள். வீட்டுக் கடன் வாங்கியிருப்பவர்கள் மட்டும் மனத்தைச் சற்றுத் திடப்படுத்திக்கொண்டு பாருங்கள்.